மைக் ஒயரப் புடுங்கினேன்

ஆம்பூர்ல தோல் பதம் பண்ற ஷாப்புல, பச்சத்தோல உருட்டற மர டிரம்மு பக்கத்துலயே முப்பது வருசம் நின்னவன் நான். அந்த சத்தத்துலயும் பாட்டுன்னா உயிரு. போன்ல வர்ற பாட்டு மட்டும் ஆவாது. சீவிச் சீவி மெலிசாக்கின தோலாட்டம் இருக்கும், அதுல சலங்கை சத்தமே கேக்காது.

போன வருசம் குடியாத்தத்துல கல்யாணம். பந்தில இனிப்புக்கு மக்கன் பேடா போட்டாங்க, நல்லா இருந்துச்சு. கச்சேரில பாடினவன் என் பழைய தோஸ்த்து, அந்தப் பொழப்புலதான் அவன் அடுப்பு எரியுது. ஆனா எனக்குக் கேட்டது அதே போன் சத்தம்.

"போன்ல பாட்ட ஓடவுட்டு வாய அசைக்கிறான்யா, ஏமாத்துக்காரன்!"ன்னு கத்தி, மேடையேறி மைக் ஒயரப் புடுங்கிட்டேன்.

பேண்டு நின்னுச்சு. அவன் வாய் மட்டும் அசைஞ்சுது. "பாத்தீங்களா!"ன்னு சிரிச்சேன். யாரும் சிரிக்கல.

மாப்ளையோட அப்பா என் காதுல கத்தினாரு: "பெரியவரே, அவரு இன்னும் பாடிக்கினுதான் இருக்காரு! ஷாப்பு டிரம்மு சத்தம் உங்க காதத் தின்னுடுச்சு!"

கிட்ட இருந்தவங்களுக்கு உண்மை தெரியும். கடைசி வரிசைலேந்து எவனோ போன்ல எடுத்த வீடியோதான் ஊரெல்லாம் சுத்துது. மைக் இல்லாத அவன் குரலு அவ்ளோ தூரம் எட்டல; அதுல அவன் வாய் சும்மா அசையுது, ஏமாத்துக்காரன்னு என் குரலு மட்டும் கணீர்னு கேக்குதாம். அப்புறம் அவன ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடல.