மலைக்கும் சமையலறைக்கும் ஒரே ரேடியோ

முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். தர்பூசணியைத் தட்டுவது போல இரண்டே தட்டு. பிறகு முதுகுப்புறம் திருப்பி, பேட்டரி மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பார். ரேடியோவை முகர்ந்து பார்த்து வாங்குகிற மனிதர் எங்கள் ஊர் க்ளாடோவோவில் போரிவோயே ஒருவர்தான்.

"புதுசுன்னா ஒரு மாதிரி சூட்டு வாசனை வரும். பழசைத் துடைச்சு வெச்சிருந்தா சோப்பு வாசனை வரும். என்னை ஏமாத்தணும்னா ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும்."

"மாமா, அது ரேடியோ. மீன் இல்ல" என்றாள் கடைக்காரி ஸ்லாவிட்சா.

"மீனா இருந்தா செவுளைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டேனா?"

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர் போரிவோயே. வியன்னாவில் அடுத்தவன் வீட்டுக் கூரையில் முப்பது வருஷம் குரங்கு மாதிரி ஏறி இறங்கி, இங்கே ஆற்றைப் பார்த்தாற்போல் மூன்று மாடி எழுப்பினார். வாசலில் சிமென்ட் சிங்கம் இரண்டு. மூன்றாவது மாடிக்கு இன்னும் ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை. கேட்டால் காற்றோட்டத்துக்காக விட்டிருப்பதாகச் சொல்வார். புத்தகம் படித்தவன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பொருள் வாங்குவான். சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன் பொருளையே படிப்பான். அது உண்மைதான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய பழைய ரேடியோ வெள்ளிக்கிழமை காலை முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குள் விழுந்துவிட்டது. வெளியே எடுத்தபோது உப்பு நன்றாகப் பிடித்திருந்தது என்று அவர் மனைவி யகோடா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆகவே இப்போது ஒரு ரேடியோ வேண்டும். ஒன்றே ஒன்று. வீட்டுக்கும் ஆகணும், பயணத்துக்கும் ஆகணும்.

"பயணம்னா எங்க மாமா? மறுபடி வியன்னாவா?"

"திராட்சைத் தோட்டத்துக்கு."

திராட்சைத் தோட்டம் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டுப் புகைபோக்கி தெரியும். காற்று சரியாக அடித்தால் யகோடா எதை வதக்குகிறாள் என்பதும் தெரியும். அதுதான் பயணம். ஸ்லாவிட்சா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பெட்டியை இறக்கினாள்.

அவள் வாய்விட்டுச் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் என்ன வரப்போகிறது என்று ஊரே காத்திருந்தது.

எங்கள் ஊர் வானொலியில் ஞாயிறு மதியம் வாழ்த்து நேரம். பேரன் பிறந்தாலும், மகன் பட்டாளத்துக்குப் போனாலும், புது டிராக்டர் வாங்கினாலும் பேரைச் சொல்லி வாழ்த்தி ஒரு பாட்டுப் போடுவார்கள். நேரில் பேச முடியாதவர்களும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். போரிவோயேக்கு அப்படிப் பேச வேண்டியிருந்தது, அவருடைய கூம் ராடிசாவிடம். கூம் என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவன். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால் ஊர் சிரிக்கும். கூமோடு சண்டை போட்டால் ஊர் சிலுவைக்குறி போட்டுக்கொள்ளும்.

இலையுதிர் காலத்தில் ராடிசாவ் வீட்டுப் புனிதர் திருநாள். பந்தி நிறைய விருந்தாளிகள். ராடிசாவ் தன் தோட்டத்து வைனைப் பெருமையாக ஊற்றிக் கொடுத்தார். போரிவோயே ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "நல்லாத்தான் இருக்கு கூமே, சாலட்டுக்கு வினிகரா ஊத்த" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஊற்றிக் கொடுத்தவரைத் தவிர. அன்றிலிருந்து ராடிசாவ் தெருவில் இவரைக் கண்டால் வானிலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மன்னிப்பு என்ற சொல் போரிவோயே வாயில் நுழையாது. பல் கட்டியும் நுழையவில்லை. போன ஞாயிறு வானொலியில் வாழ்த்துக் கொடுத்தார். "என் கூம் ராடிசாவுக்கு ஆரோக்கியமும் நல்ல விளைச்சலும்." கூடவே ராடிசாவ் கல்யாணத்தில் இருவரும் மேஜை உடைய ஆடிய பாட்டு. இந்த ஞாயிறு பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்த உறவு அத்தோடு செத்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஞாயிறு பார்த்து திராட்சைக்காரர்களின் புனிதரான த்ரிஃபூன் திருநாள். பனி கிடந்தாலும் அன்று மலையேறி, முதல் கொடியை வெட்டி, வெட்டிய இடத்தில் வைன் ஊற்றியாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறவனுக்கு அந்த வருஷம் இலைதான் காய்க்கும்.

ஸ்லாவிட்சா கொடுத்த ஒவ்வொரு ரேடியோவையும் அவர் கடை வாசலுக்குத் தூக்கிப் போய் ஆற்றுப்பக்கம் காட்டினார். அங்கேதான் இருக்கிறது வம்பு. அக்கரை ருமேனியா. அவர்களுடைய நிலையம் பெரிது, எங்களுடையது நோஞ்சான்.

"இதுல பொத்தானை அமுக்கினா தானே தேடும் மாமா."

அமுக்கினார். அக்கரைப் பெண்ணொருத்தி அவருக்குப் புரியாத மொழியில் கொஞ்சினாள். "தேடிக்கிட்டு ஓடிப்போயிடுச்சே! பாஸ்போர்ட் கூடக் கேக்காம எல்லை தாண்டுது."

"சரி, இதைப் பாருங்க. டார்ச் லைட் வெச்சது."

"எதுக்கு? ரேடியோவுக்குக் கண்ணு தெரியாதா?"

இன்னொன்று மின்சாரத்தில் மட்டும் பாடியது. மலையில் எந்தக் கொடியில் செருகுவது? மற்றொன்று சட்டைப்பைக்குள் அடங்கியது. "இது ரேடியோ இல்லம்மா, கொசு." கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்று வந்தது. தூக்கப் பிடி, நீளமான ஏரியல், தடித்த பேட்டரியும் போடலாம், சுவரிலும் செருகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருகு. விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாகத் திருகி, இரண்டு ருமேனிய நிலையங்களுக்கு நடுவே எங்கள் ஊரைப் பிடித்து நிறுத்தலாம். போரிவோயே முகர்ந்து பார்த்தார், தலையசைத்தார். போகிற வழியில் மதுக்கடையில் இறங்கி, அதை மேஜை நடுவே வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "புகாரெஸ்ட்டே பட்டாளத்தோட வந்தாலும் இதுக்குள்ள கால் வைக்க முடியாது."

ஞாயிறு மதியம் மலையில் புகாரெஸ்ட் பட்டாளத்தோடு வந்தது.

உயரத்தில் நின்றால் அக்கரைக்கும் இவருக்கும் நடுவே தடுப்பு ஏதும் இல்லை என்பது கூரைமேலேயே வாழ்ந்த மனிதருக்குத் தோன்றவில்லை. ரேடியோவைத் திராட்சைக்கொடி படரும் கம்பத்தில் மாட்டினால் அக்கரை அக்கார்டியன் முழங்கியது. ஏரியலைக் கையால் பிடித்தால் ஊர் வானொலி வந்தது. விட்டால் அக்கார்டியன். ஆகவே ஒரு கையில் ஏரியல், மறு கையில் கத்தரிக்கோல், ஒரு கால் மேட்டில், ஒரு கால் பனியில் என்று நின்றார்.

"ஏ மனுஷா, கொடி வெட்ட வந்தியா, காக்கா ஓட்ட வந்தியா?" என்று கேட்டுவிட்டு, பீன்ஸைச் சுடவைக்க யகோடா குடிசைக்குள் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராடிசாவின் தோட்டம். அவரும் கொடி வெட்ட வந்திருந்தார். ஆனால் வெட்டவில்லை; வெட்டிய கொடியையே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் ரேடியோ இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"அடுத்த வாழ்த்து" என்றது ஊர் வானொலி. "ராடிசாவ் தன்னுடைய கூம் போரிவோயேயிடம் கேட்டுக்கொள்வது..."

போரிவோயே ரேடியோப் பக்கம் காதைச் சாய்த்தார், ஏரியல் கையிலிருந்து நழுவியது. அவ்வளவுதான், அக்கார்டியன் பாய்ந்துவிட்டது. திருகினார். தட்டினார். ஏரியலை ஆட்டின் கொம்பைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார். அக்கரையில் யாருக்கோ கல்யாணம், விடாமல் வாசித்தார்கள்.

"கேட்டியா?"

வேலியோரம் ராடிசாவ் நின்றிருந்தார். இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவர் இவரிடம் பேசிய முதல் சொல்.

கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மதுக்கடையில் மேஜை நடுவே வைத்துச் சொன்ன பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறதே.

"கேக்காம? ஒவ்வொரு வார்த்தையும்! கண்ணாடி மாதிரி!"

கம்பத்தில் அக்கார்டியன் முழங்கிக்கொண்டே இருந்தது. ராடிசாவ் அதை ஒருமுறை பார்த்தார், இவரை ஒருமுறை பார்த்தார். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

"அப்ப என்ன சொல்றே? சரியா, இல்லையா?"

"எதுக்கு... ம், அது... நீ கேட்டதுக்கா?"

"நான் கேட்டதுக்குத்தான். ஊரே கேட்டுச்சு. நீயும் கண்ணாடி மாதிரி கேட்டே."

போரிவோயே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தோட்டத்தைக் கேட்டிருப்பானா? எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருப்பானா? இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருந்தால், சரி என்று சொல்வது எப்படி? ராடிசாவ் தன் வைன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் நிரப்பி வேலிக்கு மேலே நீட்டினார். அதே தோட்டத்து வைன்.

போரிவோயே ஏரியலை விட்டுவிட்டு வேலியோரம் போனார். டம்ளரை வாங்கினார். முகரவில்லை. ஒரே மூச்சில் குடித்தார், கண்ணோரம் நீர் கோத்தது, முகம் சுளிக்கவில்லை. புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை மறுபடி நீட்டினார்.