ரகுராமனுக்குக் கயாக் விற்ற கதை

கடலுக்குப் போகிறவருக்குப் படகு விற்பதும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நல்லபடி ஓடும்வரை நமக்குத் தூக்கம் வராது. அடையாறில் கயாக் கடை வைத்திருக்கிறேன். ஆள் கால்நீட்டி உட்கார்ந்து இரட்டைத் துடுப்பு போடும் ஒல்லிப் படகுதான் கயாக். கடையில் நின்று எதையாவது விற்றுப் பழகியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எங்கே வைப்பது?

ரகுராமனுக்குத் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடி வீடு. இரண்டு நண்பர்களோடு கரையோரமாகவே நாகப்பட்டினம் வரை துடுப்பு போட்டுப் போகப்போவதாகச் சொன்னார். நெடுந்தூரத்துக்கு நீளமான படகுதான் சரி, அலையில் முகம் திரும்பாமல் நேரே போகும், கூடாரமும் தண்ணீரும் வைக்க இடமிருக்கும் என்றேன். பதினேழு அடி என்றதும் முகம் மலர்ந்தது. வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் மலர்ந்தது வாடிவிட்டது. லிஃப்டில் போகாது, மாடிப்படியில் திரும்பாது.

இருவருமாகப் போய் அந்தக் குடியிருப்பின் செயலாளரைப் பார்த்தோம். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் கொக்கி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். மனிதர் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். வியாபாரம் போச்சு என்றே நினைத்துக்கொண்டேன்.

“மாட்டிக்கோங்க சார், ஆனா பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப எறக்கிடணும்.”

இடுப்பளவு

ரகுராமனுக்கு ஒரு ஒல்லியான ஆரஞ்சுப் படகின் மேல் கண். வேகம் அதிகம்தான், ஆனால் ஆடும். நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைத் தரையிலேயே அதில் இறங்கி உட்கார்ந்தார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

என் கூட்டாளி யூசுப் ராயப்பேட்டைக்காரர். அவர் ஒரு கையைப் பிடிக்க, நான் இன்னொரு கையைப் பிடிக்க, படகும் கூடவே தரையில் இழுபட்டு வந்தது. படகை அறுக்க வேண்டியிருக்குமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவழியாக ஆள் வெளியே வந்தார். கவிழ்ந்தால் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே வரவேண்டிய இடம் அது. கடைத் தரையிலேயே இது தெரிந்துபோனதில் எனக்கு நிம்மதி.

யூசுப் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “இது உக்கார்ற எடம் சார், பேன்ட்டு இல்ல.”

அரிசி மூட்டை

அடுத்து, கொஞ்சம் அகலமான மஞ்சள் படகை நீலாங்கரைப் பக்கம் கடலில் இறக்கிப் பார்த்தோம். பயணத்தில் இருக்கப்போகும் கனம் இப்போதே இருக்கவேண்டும் என்பதால் படகின் மூடிபோட்ட முன் அறையில் அரிசி, பின் அறையில் தண்ணீர் கேன்கள். ரகுராமனின் மனைவி மாலதி கரையில் நின்றார். நான் இன்னொரு படகில் ரகுராமனுக்குப் பக்கத்திலேயே போனேன்.

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு அலை வந்து அவரைக் கவிழ்த்தது. மஞ்சள் வயிறு மட்டும் மேலே தெரிந்தது. ஆளைக் காணோம். கவிழ்ந்தால் வெளியே வர நீச்சல் குளத்தில் பழகியிருந்தது கைகொடுத்தது போலும், தண்ணீர் புகாமலிருக்க இடுப்பைச் சுற்றி மூடியிருந்த துணியைப் பிய்த்துக்கொண்டு, இருமியபடி மேலே வந்தார். படகை நிமிர்த்தி நான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, வயிற்றால் ஊர்ந்து ஏறினார். உட்காரும் குழியில்தான் தண்ணீர். முன்னும் பின்னும் அடைத்த அறைகள் படகை மிதக்கவைத்திருந்தன.

கரை சேர்ந்தோம். இந்த வம்பே வேண்டாம் என்று மாலதி சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கணவரின் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு முன் அறையின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

“இதையே வாங்கிக்கோங்கோ. அரிசிகூட நனையல்லே.”

கடைசி நாள்

நாகப்பட்டினப் பயணத்தில் கரையேறும் ஊரிலிருந்தெல்லாம் போனில் பேசியவர், கடைசி நாள் இருட்டிய பிறகும் பேசவில்லை. மாலதி இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். சிக்னல் இருக்காது என்று அவருக்குச் சொன்னேன். எனக்கு யார் சொல்வது? கடையைப் பூட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போன் அடித்தது. ரகுராமன்தான்.

“வந்து சேந்தாச்சு சார். ஆமா, இதை எப்படித் திரும்ப எடுத்துண்டு வரது?”

மற்ற கடைக்காரர்கள் விற்ற பொருள் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறார்கள், நான் வாங்கியவர் திரும்பி வந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.