ஒரு ஸ்பூன் கோடு

வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக் கிளாஸ்களைக் கழுவுவது நுஸ்ரத்தின் வேலை. குளியலறை வாசலில் பலகையைப் போட்டுக்கொண்டு, டப்பில் வெந்நீரும் பால்புட்டி பிரஷுமாக உட்கார்ந்துவிடுவாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு. ஒரே நாளில் ஆகாது என்பதால் வாரத்துக்கு அலமாரியின் ஒரு தட்டு.

எல்லாம் விரல் உயரம். அடி தடித்த பழைய கண்ணாடி. ஒரு பக்கம் மருந்துக் கடையின் பெயர் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். மறுபக்கம் கோடுகள்: ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன், நான்கு ஸ்பூன். புட்டியோடு பிளாஸ்டிக் மூடி வருவதற்கு முன்னால், கடையிலேயே கலக்கிக் கொடுக்கும் ‘மிக்ஸர்’ மருந்து வாங்கினால் கடைக்காரர்கள் இதையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

தாராவியில் பாட்டில் கோடவுன் வைத்திருக்கும் அவள் புருஷன் நஜிமுதீன் முப்பது வருஷமாக இவற்றைச் சேர்க்கிறார். பாம்பேயில் எங்கே பழைய மருந்துக் கடை மூடினாலும் ‘பாட்டில் பாய்’க்கு போன் வந்துவிடும். புதிதாக ஒன்று கிடைத்தால் முதலில் ஒரு ஸ்பூன் கோடுவரை தண்ணீர் ஊற்றுவார். அதை ஒரு ஸ்பூன் பிடிக்கிற இருமல் மருந்து மூடியில் சாய்த்துப் பார்ப்பார். மூடி சரியாக நிறைந்தால் அவர் முகம் விழுந்துபோகும். சரியான கிளாஸைப் பார்த்து ஏமாறுகிற மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று நுஸ்ரத் சொல்வாள்.

ரயில் போனால் அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். சில சமயம் ரயில் போகாதபோதும்.

“உங்க ஆளுவ பேச ஆரம்பிச்சிட்டாவ” என்பாள் நுஸ்ரத். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அலமாரிக்குத் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

ஏன் சேர்க்கிறார் என்பதைக் கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளிடம் சொல்லியிருக்கிறார். அது நடந்தபோது அவருக்கு ஏழு வயது, தங்கை ஜைத்தூனுக்கு ஒன்றரை. பிள்ளைக்கு விடாத இருமல். உம்மாவும் காய்ச்சலில் கிடந்தாள், வாப்பா வேலைக்குப் போயாக வேண்டும். மூன்று வேளையும் மருந்து கொடுத்தது இவர்தான். கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டில் நிறுத்தி ஊற்றுவார். மூன்றாம் நாள் காலையில் ஜைத்தூன் எழுந்திருக்கவில்லை.

“கோட்டுக்கு மேல ஊத்துனியால?” என்று உம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“இல்ல உம்மா.”

அவ்வளவுதான். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளையை அடக்கிய மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து இவர் வெளியே போய்விட்டு வருவதற்குள், கடையிலிருந்து யாரோ ஒரு ஐயர் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். கடை பெயர் இவருக்குத் தெரியாது. அப்போது இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒரு விளக்கு மாதிரி படம் புடைத்திருக்கும், அது மட்டும் விரலில் நிற்கிறது.

அந்தக் கிளாஸை ஒரு தடவை அளந்து பார்த்துவிட வேண்டும். கோடு தப்பா, தன் கை தப்பா? வேறு எதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. உம்மா இரண்டாயிரத்து ஒன்பதுவரை இதே வீட்டில்தான் இருந்தாள். இவர் கொண்டுவரும் ஒவ்வொரு கிளாஸையும் வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு வைத்துவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விடுவாள்.

மாட்டுங்காவிலிருந்து போன் வந்தது போன மாதம். எப்போதோ மூடிய பாலாம்பிகா டிரக் ஹவுஸ். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மேல்மாடியில் இருக்கும் கடைக்காரர் வீட்டு மாமி சாமான்களைக் கழிக்கிறாள். தாதரில் சாமான் வாங்க வேண்டும் என்று நுஸ்ரத்தும் கூடவே கிளம்பினாள்.

சுப்புலக்ஷ்மி மாமிக்கு எண்பது இருக்கும். “வாங்கோ, ஒக்காருங்கோ. கிளாஸுக்காகத்தானே வந்தேள்?” என்றாள். இவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு பழைய பிஸ்கட் டின்னைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தாள். உள்ளே மருந்துக் கடைப் பஞ்சு விரித்து, அதில் கிளாஸ்கள் வரிசையாகப் படுத்திருந்தன, பிரசவ வார்டில் பிள்ளைகளைக் கிடத்தியதுபோல. ஒன்றிலும் தூசி இல்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு காகிதத் துண்டு. டோஸ் தெரிவதற்காக மிக்ஸர் புட்டியில் ஒட்டுவார்களே, ஓரம் பல்பல்லாக வெட்டியது, அந்தக் காகிதம்.

“ரொம்ப சுத்தமா இருக்கே மாமி” என்றாள் நுஸ்ரத்.

“மாசா மாசம் துண்டு நனையாம அலம்பிடுவேன். யாராவது வந்து கேட்டா அழுக்கா குடுக்க முடியுமோ? ஒருத்தர்தான் வந்திருக்கார் இதுவரைக்கும். வடாலாவிலேர்ந்து. நீங்க ரெண்டாவது.”

நுஸ்ரத் தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பாம்பேயில் பிறந்தவள், தமிழ் படிக்க வராது. “என்னங்க எழுதியிருக்கு?”

நஜிமுதீன் ஒவ்வொன்றாகப் படித்தார். “கோலிவாடா, நாகராஜ், பையன். சயான், சந்திரலேகா, பெண். செம்பூர்…” நிறுத்தினார். அடுத்ததை எடுத்துத் தனக்குள்ளேயே படித்தார். கட்டை விரல் மட்டும் கண்ணாடியில் இருந்த விளக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

“சத்தமா படிங்க.”

“தாராவி. முகைதீன். பெண்.”

முகைதீன் அவருடைய வாப்பா.

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். மாமி கேட்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு ஸ்பூன் கோடுவரை ஊற்றினார். அறுபது வயதுக் கை, ஆனாலும் ஏழு வயதில் பிடித்த மாதிரியே கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு மூடியில் சாய்த்தார். மூடி நிறைந்தது. நுஸ்ரத் அதைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். மறுபடி சாய்த்தார், மறுபடி நிறைந்தது. மூன்றாவது தடவையும் பாதிவரை வந்தது.

“ரெண்டரை” என்றாள் நுஸ்ரத். அவள் கைவழியாகத் தண்ணீர் மேஜைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. “கேட்டியளா? உங்க கை இல்ல. கோடுதான்.”

அவர் தலையாட்டினார். மூச்சு ஒரு மாதிரி சத்தத்தோடு வெளியே வந்தது.

“கிளாஸுக்கு அச்சு பண்ணினவன் கோட்டை மேலே ஏத்திப்பிட்டான்” என்றாள் மாமி. “அறுபது கிளாஸ் வெளியில போயிடுத்து. ஒரு டாக்டர் அளந்து பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. எங்காத்துக்காரர் மறுநாளே கிளம்பிட்டார், வீடு வீடா. அம்பத்தெட்டு திரும்பி வந்துது. முக்கால்வாசி ஆத்துல குழந்தைகள் நன்னாத்தான் இருந்துதுகள். அவர் வந்து சொல்லுவார், நான் எழுதி ஒட்டுவேன்.”

“வாங்கிட்டு வரும்போது என்ன சொல்லுவாரு?” நுஸ்ரத்தின் குரலில் சூடு இருந்தது. “ஒண்ணும் சொல்லாம பைக்குள்ள போட்டுட்டு வந்துருவாராக்கும்?”

“பொய் சொல்லத் தெரியாதும்மா அவருக்கு. கோடு தப்பு, தப்பு எங்களோடதுன்னு சொல்லிட்டுத்தான் கையை நீட்டுவார். அடி வாங்கிண்டும் வந்திருக்கார்.” மாமி குனிந்து அவர் கையிலிருந்த கிளாஸின் துண்டைப் பார்த்தாள். “தாராவி நன்னா ஞாபகம் இருக்கு. வந்து சாப்பிடவே இல்லை அன்னிக்கு. அந்த அம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லையாம். எல்லாத்தையும் கேட்டுண்டு, கிளாஸைத் தொடைச்சுக் குடுத்தாளாம். மருந்து குடுத்தது பெரிய பையன்தான், அவன்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன், நீங்க போங்கன்னாளாம்.”

வெளியே ஒரு பஸ் போயிற்று. மேஜையில் மீதி ஐம்பத்தேழு கிளாஸ்களும் பஞ்சில் அசையாமல் கிடந்தன. நுஸ்ரத் புருஷனைப் பார்க்காமல் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாமி இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பையன் நீங்கதானா? அம்மா சொன்னாளோ, எப்ப சொன்னா?”

நஜிமுதீன் கிளாஸை மேஜையில் வைத்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து, செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.