கீழே விழுந்த போல்ட்டு

முதல் நாளே ஒரு போல்ட்டை எங்கள் கண் முன்னால் அறுத்துக் காட்டினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மெஷின் அதன் இரண்டு முனைகளையும் கவ்வி இழுத்தது. போல்ட்டு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நாங்கள் பன்னிரண்டு பேரும் பின்னால் தாவினோம்.

பயிற்சி கொடுத்த மேடம் மட்டும் அசையவில்லை. "கீழ விழுந்த போல்ட்டு செத்த போல்ட்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். தொடச்சி எடுத்து வைக்கக் கூடாது. செவப்புப் பெட்டில போட்டுட்டு எங்கிட்ட சொல்லணும்" என்றார்.

ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாக வந்த அந்த ஃபேக்டரியில், விமானத்துக்கான போல்ட்டும் நட்டும் செய்தார்கள். நான் அதற்கு முன்னால் ஆம்பூரில் பதினோரு வருஷம் ஷூ தைத்தவன். ஆர்டர் கம்மியாகி ஆளைக் குறைத்தபோது, இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே என் தோஸ்த்துதான். அவனும் அதே ஷூ கம்பெனி. காலையில் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவோம்.

ஷூ கம்பெனியில் தோலில் கீறல் விழுந்தால் சாயம் தொட்டு மறைப்போம். மாட்டினால் சூப்பர்வைசர் அந்த ஷூவையே முகத்தில் எறிவார். என் புருவத்துத் தழும்பு அப்படி ஒரு ஷூவின் குதிகால் பட்டு வந்தது. மறைப்பது அங்கே பிழைப்பு. காட்டிக் கொடுப்பவனை வெளியே வைத்து உதைப்போம். நானும் உதைத்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் செய்முறைத் தேர்வு. என் கையிலிருந்து ஒரு போல்ட்டு நழுவித் தரையில் உருண்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பேண்ட்டில் துடைத்து, மற்றதோடு ட்ரேயில் போட்டேன்.

மேடம் ட்ரேக்களை வாங்க வந்தபோது என் தோஸ்த் கை தூக்கினான். "மேடம், அவன் ட்ரேல ஒண்ணு கீழ விழுந்தது."

எது விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. மேடம் மொத்த ட்ரேயையும் சிவப்புப் பெட்டியில் கொட்டினார். "நாளைக்கு மறுபடியும் செஞ்சு காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

டீ நேரத்தில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச்சோடு போனேன். முழங்கை நீள இரும்பு.

"இன்னாடா பண்ண?"

"நீயே சொல்வேன்னு பாத்தேன். சொல்லல."

"நீயெல்லாம் ஒரு தோஸ்த்தா?"

"அதுக்காக? பிளேன்ல ஏறிப் போறவன் சாவணுமா?"

அடித்தேன். தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் வலது கையைக் குறுக்கே வைத்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. சாய்ந்தவனைத் தோளில் இன்னொன்று போட்டேன். அந்த நேரம் எனக்கு அது சுகமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவதுக்கு ஓங்கியபோது மேடம் ஓடி வந்து ரெஞ்ச்சை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அவரையும் சேர்த்து உதறினேன். சுவரில் மோதி உட்கார்ந்தார். ஆனால் பிடியை விடவில்லை. அதற்குள் நான்கு பேர் என் மேல் விழுந்து அமுக்கினார்கள். வாஷ்பேசினில் குழாய் திறந்தபடி இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை அடித்தார்கள். வேலை போனது. அவன் போலீஸில் ரெண்டு அடி என்றுதான் சொல்லியிருந்தான். ஒன்று கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஜாமீனில் வந்த வாரம், ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவன் அண்ணன் என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார். நான் கை தூக்கவில்லை. வீட்டில் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

"வலிக்குதா?"

"ம்."

"உங்க தோஸ்த் கைக்கு ரெண்டாவது ஆபரேஷனாம்" என்று சொல்லிவிட்டுத் துணியை இன்னும் அழுத்தி வைத்தாள்.

இப்போது வேறொரு ஷூ கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பிரியாணிக் கடையில் அவனைப் பார்த்தேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கை வாய் வரைக்கும் எட்டவில்லை. அந்த ஃபேக்டரியிலேயே சோதனைப் பிரிவில் இருக்கிறானாம்.

பக்கத்தில் போய் நின்றேன். சட்டென்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். முடியாத அந்தக் கை பாதி உயர்ந்து நின்றது.

"மன்னிச்சுக்கடா" என்றேன்.

அவன் கையை மெதுவாக மடியில் இறக்கினான்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். உன்னப் பாத்தா இந்தக் கை தானா மேல போவுது. இத நிறுத்த முடியுமா உன்னால?"

நான் நிற்கும்வரை அவன் சாப்பிட மாட்டான் என்று தெரிந்தது. வெளியே வந்துவிட்டேன். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவன் வருகிறான். நான் கோர்ட்டு வராண்டாவின் அடுத்த கோடியில் நிற்கிறேன்.