காக்காய் என்ன சொன்னது

அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்த திவசத்தன்று, பம்மலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காக்காய்க்காகக் காத்திருந்தோம். அது வந்து வாய் வைக்காமல் நாங்கள் சாப்பிட முடியாது. அம்மாவுக்கும் தம்பிக்கும் பசி. எனக்குக் கல்யாணக் கவலை.

பல்லாவரத்தில் தினமும் என்னோடு ரயில் ஏறும் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அம்மா திட்டவில்லை. “திவசம் வரட்டும். உங்கப்பாவக் கேட்டுச் சொல்றேன்” என்றாள். ஆபீசில் டெலக்ஸ் மெஷினில் வெளியூருக்கெல்லாம் செய்தி அனுப்புகிறவள் நான். என் வாழ்க்கையை ஒரு பறவை முடிவு செய்வதா என்று எரிச்சலாக வந்தது. பசித்தால் தின்னும், பசிக்காவிட்டால் போகும், அதற்கென்ன தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவை தின்னவும் இல்லை, போகவும் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. வழக்கமான கத்தல் இல்லை. அடித்தொண்டையில் கரகரவென்று ஏதோ பேச்சு. ஒன்று சொல்ல, இன்னொன்று தலையைச் சாய்த்துக் கேட்டது. இங்கே கைப்பிடிச் சுவரில் இலையில் வைத்த சோறும் அதிரசமும் காய்ந்துகொண்டிருந்தன.

“அவருக்குப் புடிக்கல” என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. இதையெல்லாம் நம்பாதவளுக்கு ஏன் பயம் வர வேண்டும் என்று புரியவில்லை.

அப்போதுதான் கொடிக்கம்பியில் தொங்கிய கறுப்புத் துணி கண்ணில் பட்டது. கோடையில் வடாம் காயவைத்தபோது, காக்காய் வராமலிருக்க அம்மா கிழிந்த குடையிலிருந்து எடுத்துக் கட்டியது.

“வராதேன்னு நீயே கட்டிட்டு, வரலன்னு அழறியேம்மா.”

அம்மா திகைத்துப் போய்த் துணியை அவிழ்த்தாள். அப்படியும் ஒன்றுகூட இறங்கவில்லை. துணி போனதை அவை கவனிக்கவில்லையா? கவனித்தும் எங்களை நம்பவில்லையா? இல்லை, அம்மா சொல்வதுதான் நிஜமா? ஒன்றும் விளங்காமல், வெட்கத்தை விட்டு நானும் “கா, கா” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

கடைசியில் ஒரு காக்காய் இறங்கியது. பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்து, சோற்றைத் தொடாமல் அதிரசத்தை மட்டும் கவ்விக்கொண்டு பறந்தது. மற்றவை கத்திக்கொண்டே அதன் பின்னால் போயின.

தம்பி இலை போடக் கீழே ஓடினான். அம்மா நகரவில்லை.

“அதிரசம்னா அவருக்கு உயிரு. ஆனா சோத்தத் தொடலியே. இதுக்கு இன்னாடி அர்த்தம்?”

“தெரியலம்மா.”

அப்பாவுக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அம்மா காலி ஆன்டெனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் தெரில. வாய் தொறந்து பேசிக்கினு இருந்தப்பவே அந்த மனுசன் மனசுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரிஞ்சதில்ல. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் அந்தப் பையன வூட்டுக்கு வரச் சொல்லு. நானே கேட்டுக்கறேன்.”