பிள்ளையாரைத் திருப்பிக் கொண்டுவந்த பிஜூ

எனக்கு எழுபத்தேழு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஆறாவதாக இப்போது பேத்தி கொண்டுவந்து விட்டிருக்கும் லாப்ரடார். அதன் குணத்தைப் போனில் பார்த்து எனக்குச் சொல்லித் தருகிறாள். யார் வந்தாலும் வாலாட்டுமாம், எவ்வளவு போட்டாலும் தின்னுமாம், தண்ணீரைக் கண்டால் நிற்காதாம். இதெல்லாம் எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். கப்பலேறிப் போன துரை ஒருவர் அவரிடம் விட்டுப்போன இதே ஜாதி நாய்தான் பிஜூ. ஊசுட்டேரியில் துரை சுட்ட கொக்கை ஓர் இறகு கசங்காமல் கவ்வி வருமாம். எங்கள் தெருவில் கொக்கு ஏது? செருப்பு, துடைப்பம், அத்தையின் அகப்பை என்று எதையாவது கவ்வி வந்து யார் காலடியிலாவது வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்ததுபோல் நிற்கும். அடையைக் கவ்வினால் மட்டும் எங்கும் வந்து சேராது.

அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்தியின்போது அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடம்பு மோசம் என்று என்னைப் பார்க்க விடவில்லை. பெரிய மார்க்கெட்டில் அப்பா வாங்கி வந்த களிமண் பிள்ளையாரிடம் நான் அம்மாவைத்தான் கேட்டேன். மூன்றாம் நாள், அவரைக் கடலில் விட்டாக வேண்டும் என்றாள் அத்தை. அம்மா வருவதற்குள் இவர் போய்விட்டால் அவளை யார் அனுப்பிவைப்பது என்று நான் ஒரே அழுகை. மூவரும் கிளம்பும்போது அப்பா சொல்தா வீட்டு வாசலில் நின்று நாயைக் கூப்பிட்டார். துணைக்காம்.

அப்பாவுக்கு மில்லில் வேலை. அவர் கல்லெறிந்தால் நாலு வீடு தள்ளி இருக்கும் மாங்காய் விழும். அந்தக் கை அன்று பிள்ளையாரை முழங்கால் தண்ணீரில் நழுவவிட்டது. பிஜூ பாய்ந்துபோய்த் தலையை முக்கி, அவரைக் கவ்வி வந்து என் காலடியில் வைத்தது. ஒரு பல் பதியவில்லை. தும்பிக்கை நுனி மட்டும் கரைந்திருந்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நாய் வாய் வச்ச சாமிய வூட்டுக்கு எடுத்துனு போவியாடா?"

"திரும்பி வந்தவர நான் எப்டிக்கா போன்னு சொல்றது?" என்றார் அப்பா. பிள்ளையாரைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

அம்மா தம்பியோடு வீடு வரும்வரை பிள்ளையார் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அவள் வந்த அன்று அத்தையே கூப்பிட்டு பிஜூவுக்குக் கொழுக்கட்டை போட்டாள்.

பிறகு அப்பாவும் நானும் மறுபடி கடலுக்குப் போனோம். இந்த முறை அவர் நாயைக் கூப்பிடவில்லை. வீசிய வீச்சில் பிள்ளையார் அலைக்கு அப்பால் போய் விழுந்தார். போன தடவை மட்டும் அப்பாவுக்குக் கையில் என்ன வலியோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

எழுத்து கோணல்தான், ஆனாலும் நானே எழுதியது. இந்தாடி பேத்தி, உரக்கப் படி. உன் நாயும் கேட்கட்டும்.