தலைக்கு ஊற்றிய தண்ணீர்

பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நம்புகிற ஊரில் கிராம செவிலியாக வேலை பார்க்கிறேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பிரசவமானதும் பெண்கள் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு அம்மா வைத்ததுதான் சட்டம். நான் யாரோ, எவரோ.

ஜீயபுரத்துக்கு வாழவந்த அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதமே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. காலும் வீங்கியிருந்தது. கவனமாகப் பார்க்க வேண்டிய தாய் என்று குறித்துக்கொண்டு வாரம் தவறாமல் போனேன். கையில் பட்டையைச் சுற்றும்போதெல்லாம், "அக்கா, உங்களப் பார்த்தாதான் எனக்கு பிரஷரே ஏறுது" என்பாள். வாய்க்கொழுப்பு. அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

திருச்சியில் ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டரும் சொன்னார், நானும் படித்துப் படித்துச் சொன்னேன். முசிறிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்த செவிலியிடம் சொல்லிவைத்திருந்தேன். பாவம், அவர் தலையில் மூன்று ஊர். நான் போன் செய்தால் அவள் அம்மாதான் எடுப்பார்.

"நல்லா இருக்கா சிஸ்டர். பச்ச உடம்புக்காரி போன் பேசினா காதுல காத்து ஏறிடும்."

ஒரு செவ்வாய்க்கிழமை அவராகவே சொன்னார். "தலை வலிக்குதுங்கறா. நேத்து தலைக்கு ஊத்தினேன், நீர் கோத்துக்கிச்சு. சுக்கு அரைச்சுப் பத்து போட்டிருக்கேன்."

"மாத்திரை போடுறாளா?"

"அத நிறுத்தியாச்சுங்க. சூடு. பால் சுண்டிடும்ல."

அந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், தலைவலிக்கெல்லாம் வண்டியா என்று அந்த அம்மா ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியிருந்தார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். மறுபடி வண்டிக்குச் சொன்னேன்.

ஜன்னல் சாத்திய அறையில், காதில் பஞ்சு, நெற்றி நிறையச் சுக்குப்பத்து. முகம் ஊதிக் கிடந்தது. பட்டையைச் சுற்றினேன். வந்த அளவைப் பார்த்ததும், வண்டி எங்கே வருகிறது என்று மறுபடி போன் போட்டேன்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க," என்றாள். "ஒரு ஆளையே எங்களால தாங்க முடியல."

குணசீலம் தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே வலிப்பு வந்தது. நின்றது, மறுபடி வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு உயிரோடு கொண்டுபோனோம். அன்று சாயங்காலம் போய்விட்டாள். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

குழந்தை ஜீயபுரத்தில் அப்பா வீட்டில் வளர்கிறது. போன மாதம் தடுப்பூசிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தது, பேத்தியைப் பார்க்க வந்திருந்த அந்த அம்மா. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஊசி போட்டு முடித்ததும் மெல்லப் பேச்செடுத்தார்.

"தென்னூர்ல இருக்காளே சின்னவ, முழுகாம இருக்கா. அவளுக்கும் பிரஷர்னு சொல்லிட்டாங்க."

தடுப்பூசி அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பயப்படாதீங்க சிஸ்டர். இந்த வாட்டி நான் ஜாக்கிரதையா இருப்பேன். இவளுக்குத் தலைக்கே ஊத்த மாட்டேன். அந்தத் தண்ணிதானே எம் பொண்ணக் கொண்டுபோச்சு."

இத்தனை நாளும் தண்ணீரின் மேல் பழியைப் போட்டுத்தான் இந்த மனுஷி சோறு தின்றுகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பிடுங்காவிட்டால் சின்னவளும் போய்விடுவாள். என்ன பிழைப்பு இது என்று நொந்துகொண்டே கதவைச் சாத்தினேன்.

"தண்ணி ஒண்ணும் செய்யலம்மா," என்றேன். "தலைவலி வந்ததே பிரஷராலதான். மாத்திரைய நிறுத்தினதாலதான் அப்படி ஏறுச்சு. சின்னவளுக்குப் பிள்ளை பொறந்த பிறகும் மாத்திரைய நிறுத்திடாதீங்க."

அவர் குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"அவ மாத்திரை கேட்டா சிஸ்டர்," என்றார். "குடும்மா, அக்கா திட்டுவாங்கன்னு கையை நீட்டிக் கேட்டா. நாந்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்."